பெரியப்பா பெயரில் எங்கள் வீடு

1. நிலத்தை யாருக்கும் மாற்றக் கூடாது என்று தடை கேட்கும் விண்ணப்பப் பாரத்தை நான் நிரப்பினேன். அப்பா கையெழுத்திட்டார்.
2. தடை பதிவானதும் பெரியப்பாவுக்குத் தபாலில் அறிவிப்பு போனது.
3. அந்த ஞாயிறு காலை பெரியப்பா மகன் பாராங் கத்தியோடு வந்தார்.
4. முதலில் சன்னல், பிறகு என் மோட்டார் சைக்கிள், பிறகு அப்பாவின் வலது கை.
5. அம்மா அடுப்பிலிருந்த கொதிக்கும் கஞ்சியைத் தூக்கிப் பெரியப்பா மகன் காலில் ஊற்றினார்.

எஸ்டேட்டை விட்டு வெளியேறியபோது அப்பாவும் பெரியப்பாவும் குருபோங் பக்கம் ஒரு துண்டு நிலத்தைப் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினார்கள். வீட்டைக் கட்டியது அப்பா. அப்போது அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை கிடைக்கவில்லை. சிவப்பு அட்டைக்காரன் பெயரை நிலப் பத்திரத்தில் எழுத மாட்டார்கள் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். யாரும் எந்த அலுவலகத்திலும் போய்க் கேட்கவில்லை. குடியுரிமைக்கான நீல அட்டை வைத்திருந்த பெரியப்பா பெயரை மட்டும் கிராண்ட் என்ற அந்தப் பத்திரத்தில் போட்டார்கள். பிறகு அப்பாவுக்கும் நீல அட்டை வந்தது. கிராண்டை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு பேர் வந்து எங்கள் வாசலில் டேப் பிடித்து அளந்தார்கள். பெரியப்பா நிலத்தை விற்கிறாராம், லாரிப் பட்டறை வரப் போகிறதாம். நான் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் கழற்ற மாட்டேன். விடுப்பு எடுத்து மலாக்கா நில அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரே பெயர்தான் இருந்தது.

தடை விற்பனையை நிறுத்தும், உரிமையைத் தராது என்றார் வழக்கறிஞர். உரிமை கேட்டு வழக்குப் போட, நிலத்தில் பாதி தனக்குச் சேரும் என்று அப்பா சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும். அப்பா மறுத்துவிட்டார்.

"எங்கண்ணன் ஏமாத்துனாருன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? வேணாம்மா."

அடுத்த ஞாயிறுதான் பெரியப்பா மகன் வந்தார்.

"சித்தப்பா! வெளிய வாங்க! எங்கப்பா மண்ணுல குந்திக்கிட்டு எங்கப்பாவுக்கே லெட்டரா?"

"அண்ணே, கத்திய கீழ போடுங்க. உக்காந்து பேசலாம்," என்றேன்.

"நீ பேசாதலா. பேக்டரில ஸ்க்ரூ முடுக்குறவ, லாயராயிட்டியா?"

சன்னல் கண்ணாடி சிதறி என் பாதத்தில் குத்தியது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியில் மூன்று வெட்டு. பெட்ரோல் வாசலில் ஓடியது. அப்பா இறங்கிப் போய், "டேய், உன்ன தோள்ல தூக்குனவன்டா நான்," என்று கையை நீட்டினார். அந்தக் கையில்தான் வெட்டு விழுந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கணம் ரத்தமே வரவில்லை. பிறகு நிற்கவே இல்லை. கஞ்சிப் பானை கவிழ்ந்ததும் அண்ணன் போட்ட சத்தத்தில்தான் அக்கம்பக்கம் ஓடி வந்தது. நான் துண்டை முறுக்கி அப்பாவின் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். கட்டிய நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

மருத்துவமனைக்குப் பெரியப்பா வரவில்லை. மூன்றாம் நாள் அப்பா என்னைப் பார்த்து, "அந்தத் தாள கொண்டா," என்றார். கட்டுப் போட்ட வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. சத்தியம் வாங்கும் அதிகாரியைக் கட்டிலுக்கே அழைத்து வந்தேன். அவர் முன்னால் அப்பா இடது பெருவிரலை வைத்து அழுத்தினார்.

அப்பாவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அண்ணன் ஜாமீனில் இருக்கிறார். வெட்டு வழக்கும் நில வழக்கும் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தடை நீடிக்கிறது. கிராண்டில் இருப்பது பெரியப்பா பெயர். வீட்டில் இருப்பது நாங்கள்.