நீரூற்றும் துணிக்கொடியும்

கல்லூரி பார்க்கப் போகும் குடும்பத்துக்கு வண்டி ஓட்டுவது, பெண் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு ஓட்டுவதைவிடக் கஷ்டம். இங்கே பஜ்ஜி, சொஜ்ஜிகூடக் கிடையாது.

அல்லிநகரத்தில் இருபத்தைந்து வருடமாக வாடகை வண்டி வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ முடிவு வந்தால் இந்த அலைச்சல் தொடங்கிவிடும். கட்டடத்தைப் பார்த்து மயங்கி, ஹாஸ்டலைப் பார்த்து மிரண்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரும்பியிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் கம்பத்துக்காரர் ஒருவர் வந்தார். பெயர் ராசு, திராட்சைத் தோட்டக்காரர். கூட மனைவி பேச்சியம்மாள், மகள் நிவேதா. நிவேதாவுக்கு நர்சிங் படிக்க ஆசை. ராசு ஒரு கெடு வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் நம்பி விட்டுவர ஒரு ஹாஸ்டல் அமைய வேண்டும். இல்லையென்றால் நர்சிங்கை மறந்துவிட்டு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஏதாவது ஒரு டிகிரி.

வளைவு

வியாழக்கிழமை போன கல்லூரிக்குக் கோபுரம் மாதிரி ஒரு வளைவு. உள்ளே கண்ணாடிக் கட்டடம், புல்தரை, நடுவில் நீரூற்று. ராசு அந்த நீரூற்றை மூன்று சுற்று சுற்றினார். செருப்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான் குறை. முன்னால் நின்று என்னைப் படம் எடுக்கச் சொல்லி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். பிறகு என் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"மக படிக்கக்கூட வேணாம்ணே. இங்கன நாலு வருசம் சும்மா உக்காந்து எந்திரிச்சு வந்தாலே போதும்."

நடுப்பந்தல்

அலுவலகத்துப் பெண் எங்களுக்கு மாதிரி அறை ஒன்றைக் காட்டினார். கட்டில், மெத்தை, பூப்போட்ட திரை. பேச்சியம்மாள் மெத்தையைத் தொடவே இல்லை. "துணி எங்கன காயப் போடுவீக?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் திரையை இழுத்துக் காட்டுவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு ஹாஸ்டலின் பின்பக்கம் போய்விட்டார்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். கொடியில் தொங்கிய நர்ஸ் கோட்டுகள் எல்லாம் உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து மஞ்சளாகிக் கிடந்தனவாம். குளிக்கவும் அதே தண்ணீர்தான் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். ராசு நீரூற்றைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். பேச்சியம்மாள் விடவில்லை.

"நம்ம தோட்டத்துக்கு வார யாவாரி ரோட்டோரக் கொத்தப் பாத்தா வெல சொல்றான்? குனிஞ்சு நடுப்பந்தலுக்குல்ல போறான். நீங்க வாசல்லயே மயங்கிட்டீக."

நான் வாய் திறந்தது

நான் சவாரிக்காரர்கள் விஷயத்தில் பேசுகிறவன் இல்லை. எட்டாவதோடு நின்றவன். கல்லூரி வாசல்களில் காத்திருக்கும்போது கல்லூரிக்காரர்கள் கொடுக்கும் விளம்பரப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்துத்தான் இங்கிலீஷ் கற்றேன். அந்தக் கல்லூரிப் புத்தகத்தில் புல்தரைக்கு இரண்டு பக்கம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வரி.

என் மனைவி கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கைப்பழக்கம் உள்ள நர்ஸுக்கும் இல்லாத நர்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊசி குத்திய அவள் கையில் பார்த்தவன் நான். நோயாளிகள் வந்தால்தான் கை பழகும். அதனால் அலுவலகத்தில் இருந்த அதிகாரியிடம் கேட்டுவிட்டேன்: "உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எத்தனை பேர்?" அவர் முந்நூறு கட்டில் என்றார். கட்டில் கேட்கவில்லை, ஆள் எத்தனை என்றேன். என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, டிரைவர் வெளியே நிற்கலாமே என்றார். நான் எழுந்துவிட்டேன். அதுவரை தலை நிமிராத நிவேதா அப்போது நிமிர்ந்தாள்.

"மாமா வெளிய நிக்கட்டும் சார். அதே கேள்விய இப்ப நான் கேக்குறேன், சொல்லுங்க."

தாழ்ப்பாள்

அவர் கட்டண அட்டவணையை எடுத்து நீட்டினார்; அந்தக் கல்லூரி அதோடு கழிந்தது. வெள்ளிக்கிழமை பார்த்த இடத்தில் ஹாஸ்டலுக்குள்ளேயே விடவில்லை. மிஞ்சியது சனிக்கிழமையும், ஒரு பழைய கல்லூரியும். வளைவு கிடையாது, போர்டில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம். ராசு இறங்கவே மறுத்தார். "மாட்டாஸ்பத்திரி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

பேச்சியம்மாள் நேராகப் பின்பக்கம் போனார். கொடியில் கோட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. குழாயைத் திறந்து குடித்துப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒரு கரண்டி சாம்பார் வாங்கி ருசி பார்த்தார். எல்லாம் சரி என்று வந்து சொன்னார். ஆனால் ஹாஸ்டலில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். அந்த அறை வரிசையில் குளியலறைத் தாழ்ப்பாள் ஒற்றை ஸ்க்ரூவில் ஆடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆசாரி வருவார் என்றார் வார்டன் அம்மா. தாழ்ப்பாள் இல்லாத கதவை நம்பி மகளை விட மாட்டேன் என்று பேச்சியம்மாள் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ராசுவுக்கு அதுவே போதுமாக இருந்தது, கிளம்பலாம் என்றார். நிவேதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வண்டியிலிருந்து திருப்புளியும் நாலு ஸ்க்ரூவும் எடுத்து வந்தேன். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதை வாங்கிப் போனார். பந்தலுக்குக் கம்பி முறுக்கிய கை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வார்டனிடம் கேட்டார்:

"வேற எந்தக் கதவு ஆடுதுன்னு சொல்லுங்கம்மா. வந்த கையோட முறுக்கி விட்டுட்டுப் போறேன்."

தேர்ந்தெடுத்தவர்

நிவேதா அங்கேயே நாலு வருடம் படித்து முடித்தாள். இப்போது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருக்கிறாள். சேர்ந்த ஆறே மாதத்தில், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் அவளிடம் தந்துவிட்டார்கள். கட்டடம் அழகாக இல்லையே என்று எப்போதாவது வருத்தப்பட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். "கட்டடத்த ஒரு வாரந்தான் மாமா பாத்தேன். அப்புறம் தண்ணியும் சோறும் கூட இருந்த பிள்ளைகளுந்தான்" என்றாள்.

போன மாதம் பெற்றோரை அவளிடம் கூட்டிப்போனேன். வழியில் சின்னமனூர் டீக்கடையில் ராசுவுக்குத் தெரிந்த ஒருவர், மகளுக்குக் கல்லூரி தேடுவதாகச் சொன்னார். ராசு டீயைக் கீழே வைத்தார். பேச்சியம்மாள் வண்டிக்குள் காதில் வாங்கிக்கொண்டிருக்க, ராசு சொன்னார்:

"வளைவு, தண்ணி பீச்சுறது, இதெல்லாம் பாத்து ஏமாந்துறாதய்யா. நேரா பின்பக்கம் போயி துணிக்கொடியப் பாரு. எம்மகளுக்கு நான் அப்படித்தான் பாத்து எடுத்தேன்."

நல்ல கல்லூரியைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்பவர் இன்னொருவர், ஓட்டுகிறவன் இருவருக்கும் தலையாட்டிவிட்டால் அடுத்த வருடச் சவாரியும் நிச்சயம்.