ஏழாவது தட்டுக்கு அப்பால்

கொட்டகையில் எல்லோரும் அவரைச் ‘சூட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுகிற மனிதர். பப்பாளிக் காயைக் கீறி எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி அனல் அறையில் காயவைப்பது அவர் வேலை. இறைச்சியை மிருதுவாக்கும் நொதி ஒன்று அந்தப் பாலில் இருக்கிறது. அளவான சூட்டில் காய்ந்தால் நொதி பிழைக்கும். சூடு மிஞ்சினால் பொடி இருக்கும், வேலை செய்யாது.

அனலுக்கும் வாடைக்கும் பயந்து அந்த அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மனைவி இறந்த பிறகு வீட்டிலும் அவர் ஒருவர்தான். சில நாள் மாலையில் யாராவது வழி கேட்டால், பதில் சொல்லக் குரல் வராது. காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

போன மாதம் ஒரு தடவை பொடி கெட்டது. “இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா மிஷின் வாங்கிடுவேன். அப்புறம் நீங்க வீட்டுல இருக்கலாம்” என்றார் முதலாளி. எந்த வீட்டில், யாரோடு?

இந்த வியாழக்கிழமை, பரிசோதனை செய்யும் பெண் பன்னிரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து வெதுவெதுப்பான மாட்டுப்பாலில் போட்டாள். நல்ல பொடி என்றால் இரண்டே நிமிடத்தில் பால் திரிந்துவிடும். பத்து நிமிடம் ஆயிற்று.

“என்னண்ணே, பால் கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாம உக்காந்திருக்கு?”

“இப்பதானே தங்கச்சி வெளிய எடுத்தேன். ஆறினா பொடிக்குச் சக்தி திரும்பி வந்துடாதா?”

“லேசா சூடு பட்டிருந்தா ஓரளவு வரும். ரொம்பப் பட்டிருந்தா? கறந்த பால் மடி ஏறுமா? மதியம் பாப்போம். அதுவரைக்கும் முதலாளிகிட்ட நான் வாயைத் தொறக்கல.”

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மதியம் முதல் ஏழு தட்டுப் பொடிக்குப் பால் திரிந்தது, கொஞ்சம் தாமதமாக. எட்டாவதிலிருந்து ஒன்றும் நடக்கவில்லை.

“கதவுப் பக்கத்து தட்டெல்லாம் பிழைச்சிருக்கு, உள்பக்கம் வெந்துபோச்சு. தெர்மாமீட்டர் எங்கண்ணே?”

“கதவுகிட்ட மாட்டியிருக்கேன்.”

“நடுவுலதானே இருந்துச்சு?”

அவர் தரையைப் பார்த்தார். “கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சாத்தான் போன்ல சிக்னல் வருது. மக கூப்பிடுவாளோன்னு அங்கயே உக்காந்திருப்பேன். பார்வையில இருக்கட்டுமேன்னு அதையும் அங்க மாட்டினேன்.”

வெளிக்காற்று பட்டுத் தெர்மாமீட்டர் சூட்டைக் குறைவாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பி அவரும் ஹீட்டரைக் கூட்டியிருக்கிறார்.

“கடைசியா எப்பண்ணே கூப்பிட்டா?”

விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவரே போய் முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னார். போன மாதம் கெட்டதும் இதனால்தான் என்றார். முதலாளி வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல, போய் நடுவுல ஆணி அடிங்க. இனிமே கதவு திறந்திருந்துச்சுன்னா தொலைச்சுடுவேன்.”

மறுநாள் அவர் தன் போனைப் பரிசோதனை மேசையில் வைத்துவிட்டு, “அடிச்சா எடும்மா. அப்பா வேலையில இருக்காரு, சாயங்காலம் பேசுவாருன்னு சொல்லு” என்றார்.

மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து அந்த மேசையைப் பார்த்தார். அவர் கேட்பதற்குள் அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று. அவர் உள்ளே போய்க் கதவை இறுகச் சாத்திக்கொள்வார்.