எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில்

வானம் பார்த்த கரிசலில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை போட்டேன். நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர்ப் பம்புசெட்டுக்கெல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியது இந்தக் கைதான். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். யாரும் தோட்டத்துக்கு ஓட வேண்டாம்.

போன வருசம் சோலாரும் பேட்டரியும் வைத்து ஊருக்கென்று தனி மின்சாரம் அமைக்கக் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு குறையும் இல்லை.

"ஒவ்வொரு மோட்டாராப் போடுதியளே தாயி, இங்கன எவன் அப்படிப் போடுதான்? கரண்ட் வந்ததும் மொத்தமும் சேர்ந்து கிளம்பும். அப்படிப் போட்டுப் பாருங்க" என்றேன் இன்ஜினியர் அம்மாவிடம்.

"ரொம்பப் பயப்படுறீங்க பெரியவரே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். திரையில் மொத்த மின்சாரமும் படுத்துவிட்டது. சிரிப்பும் நின்றது. பிறகுதான் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி மாற்றினார்கள். அந்த வேலை அவர்களுடையதுதான். இல்லையென்று சொல்ல நான் அற்பன் இல்லை.

ஆனால் திறப்பு விழாவில் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "இந்தக் குறையை எங்கள் மென்பொருளே கண்டுபிடித்தது" என்கிறார்! அவர்கள் போர்த்திய சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து கேட்டேன்: "ஏன் சார், அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டி எங்க தோட்டத்துக்கு எப்ப வந்துச்சு?"

கைதட்டியே என்னை அமுக்கிவிட்டார்கள்.

சால்வையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அது வேண்டாம். அந்தத் திரையில் மோட்டார்கள் கிளம்புகிற இடத்தில் என் பெயரை எழுதுங்கள்.