ஆபீசுக்கு வெளியே நின்ற பாதர்

எங்கள் இருளர் குடியிருப்புக்கு வந்துபோன பாதர் ஒல்லியானவர். வெள்ளை அங்கியில் சேறு படாமல் இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டுதான் நடப்பார்.

என் சின்ன மகளை நர்சு படிப்பில் சேர்க்க சாதி சர்டிபிகேட் கேட்டார்கள். சிதம்பரத்தில் இருக்கிற சப் கலெக்டர் ஆபீசுக்குப் பாதரும் கூட வந்தார். அங்கியைப் பார்த்த ஆபீசர், "கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்துட்டு இருளர்னு கேக்குறீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் இன்றைக்கும் கன்னியம்மாவைக் கும்பிடுகிறவர்கள்தான்.

மறுவாரம் பாதர் வேட்டி சட்டையில் வந்து, எதிர் டீக்கடையிலேயே நின்றுகொண்டார்.

"நீங்களும் வாங்க சாமி, எனக்குப் பேச வராது."

"நான் வந்தா காரியம் கெட்டுடும்மா. நீங்களே போய்ப் பேசுங்க."

உள்ளே போய் மனுவை நீட்டினேன். "இருளர்னா என்ன வேலை செய்வீங்க?" என்றார் ஆபீசர். சேற்று வளையில் கைவிட்டு நண்டு பிடித்து, கடிபட்டுக் கோணிப்போன விரல்களை மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நடந்ததைப் பாதரிடம் சொன்னேன். சர்டிபிகேட்டை இரண்டு தரம் படித்தார். "இத்தனை வருசமா உங்க ஜனத்துக்காக மனு எழுதுறேன். ஒரு கையெழுத்துகூட வாங்கினதில்லம்மா" என்று சிரித்தார்.

பிறகு பஸ்ஸிலும் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஊர் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.