சாக்கில் கிடந்த பூண்டு

கல்லூரிப் பிள்ளைகளைக் கோடை லீவில் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்ய அனுப்புகிறார்கள் என்பது, அந்தப் பெண் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கும்வரை எனக்குத் தெரியாது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் முடித்திருந்தாள். ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பல ஊர்ப் பிள்ளைகளிடமும் மனு வாங்கி, சிலரை மட்டும் எடுப்பார்களாம். அவள் கல்லூரியில் அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. வெயில் சரியாக அடிக்காத மலையில் பூண்டைக் காயவைக்க ஒரு பெட்டி செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. நன்றாக முடித்தால் மேல்படிப்புக்கு அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அவள் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

என் மகன் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோகிறவன். அவளுடைய பேராசிரியர் யாரையோ பிடித்து அவனிடம் பேசி, பூண்டுக்கும் தங்குவதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். பெருமாள்மலையிலிருந்து ஜீப்பில் எங்கள் மலைக்கிராமத்துக்கு வந்து இறங்கினாள். பலகை, கண்ணாடி, கறுப்பு பெயின்ட் அடித்த தகரம், ஒரு குட்டி ஃபேன், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு சோலார் தட்டு. துணிமணி ஒரே ஒரு பையில்தான்.

எனக்குப் புது ஆள் முன்னால் பேச்சு வராது. அஞ்சாம் வகுப்புவரை படித்தபோதும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் நிற்பேன். அன்றைக்கு அவள் முன்னறையில் உட்கார்ந்து என் மகனிடம் வேலையை விளக்கியபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“பூண்டு காயுறதப் பாக்கறதுக்கு ரெண்டு மாசமா? எங்காத்தா அம்பது வருசமாப் பாக்குது. ஒரு சர்ட்டிபிகேட்டு குடுக்க ஆளில்ல” என்றான் என் மகன்.

“குடுக்கச் சொல்லிருவோம்ண்ணே. ஆனா அம்மா வெளியவே வர மாட்டேங்கறாங்களே.”

பேச்சு என் பக்கம் திரும்பியதும் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் கேட்காமல் போனது இதுதான்: ஒரே தோட்டத்துப் பூண்டில் பாதியைப் பெட்டியில் வைப்பாள். பாதியை வீட்டை ஒட்டிய சாய்ப்பில் ஒரு சாக்கின்மேல் சும்மா பரப்பி வைப்பாள். சாக்கில் இருப்பதை யாரும் தொடக்கூடாது. அழுகினால் அழுகட்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பெட்டி என்ன செய்தது என்று தெரியும். மகன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான். என்னிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் சுறுசுறுப்பான பெண். வெள்ளனே எழுந்து பெட்டியை வெளிச்சம் வரும் பக்கம் திருப்பி வைப்பாள். பொழுது சாய்ந்ததும் போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய்த் தன் சாரிடம் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை தராசை வைத்துப் பெட்டிப் பூண்டையும் சாக்குப் பூண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுவாள். சாக்குப் பூண்டை மட்டும் கிளறாமல், ஈரக்காற்றில் அப்படியே போட்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பூண்டு அழுகினால் நாலு நாளில் பக்கத்தில் உள்ளதும் கெட்டுவிடும். எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், யார் வீட்டுப் பூண்டானாலும் போகிற போக்கில் ஒரு கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் போவோம். பிள்ளை பெட்டி நினைப்பிலேயே இதை மறந்துவிட்டது, அந்த சார் வந்து பார்த்தால் வைவாரே என்று நினைத்தேன். கேட்கலாம் என்றால் வாய் வரவில்லை.

அவள் மேட்டுக்குப் போன ஒரு மாலை, மூன்று பூண்டை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டேன். அவள் எண்ணி வைத்திருப்பாளே என்று, அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கிய எங்கள் பூண்டில் மூன்றை எடுத்தேன். அதுவும் அதே தோட்டத்துப் பூண்டுதான். புகை பட்ட மேல்தோலை உரித்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். அதன் பிறகு அது தினச் சோலியாகிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் ஒரு உதவி செய்கிறோம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

நாலாவது ஞாயிறு அவள் எடை போட்டுவிட்டு, தராசைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி போட்டாள். மேட்டுக்குப் போகவில்லை. முற்றத்து மூலையில் சுவரோடு ஒட்டி நின்றால் கொஞ்சம் சிக்னல் வரும், அங்கேயே நின்று பேசினாள்.

“சார், சாக்குல சும்மா கெடக்கறதும் என் பெட்டி அளவுக்குக் காயுது சார். அழுகலும் இல்ல… இல்ல சார், ஃபேன் ஓடுது. தெரியல சார்… சரி சார். பிரிச்சுப் பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முதல் திருகாணியைக் கழற்றினாள்.

புகையில் காய்ந்த பூண்டு எடை குறைவாகத்தானே இருக்கும். அதைச் சாக்கில் வைத்தால் சாக்கும் காய்ந்த கணக்குத்தான் காட்டும். எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அடுப்படியில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது திருகாணியும் தரையில் விழுந்தது. வெளியே போனேன்.

“அதப் பிரிக்காத தாயி.”

அவள் நிமிர்ந்தாள். நான் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சாக்குல கெடக்கறது உன் பூண்டு இல்ல.”

“என்னங்கம்மா?”

“உன்னுது அழுகிச்சு. எடுத்துப் போட்டுட்டு எங்களுத வச்சேன். பெட்டி மேல தப்பில்ல.”

“எத்தன வச்சீங்க?”

“தெரியல தாயி.”

“எப்பருந்து?”

“நீ வந்து ஒரு வாரம் இருக்கும். அதுலருந்து.”

“ஏன்ம்மா?”

“உங்க சாரு வைவாருன்னு.”

அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, உருளைக்கிழங்குத் தோட்டத்து வேலிவரை போய் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து, பசிக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். “யம்மா, அந்தப் பிள்ளைக்கு இருக்கறதே இன்னும் ஒரு மாசம்” என்றான்.

மறுநாள் காலையில் நோட்டோடு அடுப்படிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மணை எடுத்துப் போட்டேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு வெறுந்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒவ்வொரு நாளாக் கேக்கறேன். ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க. இல்லன்னா தெரியலன்னே சொல்லுங்க. எனக்காகக் கூட்டிக் கொறச்சுச் சொல்லிராதீங்க.”

முதல் நாள் மூன்று. மழை பெய்த வெள்ளிக்கிழமை ஏழெட்டு. ஏழா எட்டா என்று கேட்டாள். தெரியலை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள். மற்ற நாள்கள் எல்லாமே தெரியலைதான். பக்கம் முழுக்க அந்த ஒரு வார்த்தையே நின்றது.

பிறகு முற்றத்து மூலையில் நின்று சாரைக் கூப்பிட்டாள். என்னைக் காட்டிக்கொடுப்பாள், கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

“சாக்குப் பூண்டு மாறிப்போச்சு சார். என் தப்புதான். வீட்ல ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அதப் பாத்துக்கிட்டவங்ககிட்டச் சொல்லல” என்றாள்.

நடந்ததை மறைக்காமல் அறிக்கையில் எழுதச் சொன்னாராம். மிச்ச நாளில் புதிதாக ஆரம்பித்து, கிடைத்ததைக் காட்டச் சொன்னாராம். அது போதுமா என்று அவர் சொல்லவில்லை. எங்கள் மேல்தோட்டத்தில் கடைசியாக நட்ட பூண்டு அதுவரை பிடுங்காமல் இருந்தது. என் மகன் அன்றைக்கே ஆள் விட்டுப் பிடுங்கினான். பாதி பெட்டிக்கு, பாதி சாக்குக்கு. இந்தத் தடவை என்னை எதிரில் உட்காரவைத்து, எதற்கு எது என்று முழுக்கச் சொன்னாள்.

“அழுகும்மா. அழுகத்தான் வச்சிருக்கேன்” என்றாள்.

இருபது நாள். இரண்டாம் வாரம் சாரல் பிடித்துக்கொண்டது. சாக்கில் ஒன்று கறுத்தது, பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. சாய்ப்பு முழுக்க அழுகல் வாடை. அடுப்புக்குச் சுள்ளி எடுக்கப் போகும்போதெல்லாம் கை தானாக நீளும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே எடுத்து வருவேன்.

“யம்மா, கையக் கட்டிப் போடவா?” என்பான் மகன்.

“போடா, வெரசா சோலியப் பாரு” என்பேன். ஆனால் சாய்ப்புப் பக்கம் போகவே அலுப்பாக இருந்தது. பெட்டியிலும் சில கெட்டன. சாரலில் அதற்குப் போதிய வெளிச்சம் இல்லை. அவள் அதையும் எழுதினாள்.

கடைசி நாள் எண்ண உட்கார்ந்தோம். எது கெட்டது என்று அழுத்திப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டாள். சாக்கை முதலில் முடித்தோம், பாதிக்கு மேல் போயிருந்தது. பெட்டிப் பூண்டை எடுத்தோம். நல்லது, நல்லது, கெட்டது, நல்லது. அவள் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். பெட்டி நன்றாகவே வேலை செய்திருந்தது, ஆனால் அவள் நினைத்த அளவுக்கு இல்லை. போகப்போக அவள் குரல் இறங்கியது.

முடிகிற நேரத்தில் ஒரு பூண்டு. பார்வைக்கு முத்துப்போல இருந்தது. அவளும் அதைப் பார்த்து நல்லது பக்கம் பேனாவைக் கொண்டுபோய்விட்டாள். அழுத்தினேன். உள்ளே ஒரே ஒரு பல் மெத்தென்று அமுங்கியது. வெளியே ஒன்றும் தெரியாது, இன்னும் ஒரு வாரம் தெரியாது. நான் சொன்னால்தான் உண்டு. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெட்டது தாயி” என்றேன்.

பேனாவைக் கெட்டது பக்கம் நகர்த்தி ஒரு கோடு போட்டாள்.

“அடுத்ததும்மா” என்றாள்.