பௌர்ணமி விரதமும் சுகர் மாத்திரையும்

சுகர் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அசிங்கமாக இருந்தது. செங்கம் ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவள் நான். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே திட்டிவிடுவேன். அப்படிப்பட்டவள் டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். "டெய்லி எத்தனை காபி குடிப்பீங்க?" என்று கேட்டாள். இரண்டு என்று பொய் சொன்னேன். நாள் பூரா அடுப்படியில் நிற்கிறவள் எண்ணியா குடிப்பாள்?

மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "இதைப் போட்டா கட்டாயம் சாப்பிடணும். தினம் நடக்கணும்" என்றாள். நடக்கணும் என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது.

மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அப்போதுதான் போளூர்ப் பக்கத்தில் ஒரு வரன் அமைந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. அம்மாவுக்குச் சுகர் என்றால் பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று எங்கள் தெருவிலேயே பேசுவார்கள். என் நோயால் இவள் கல்யாணம் நின்றுவிடக் கூடாது.

"கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"சொல்லிடலாம்மா. அப்பறம் தெரிஞ்சா இன்னும் அசிங்கம்."

"நீ வாய மூடு."

கல்யாணத்துக்குள் சுகரை இறக்கிவிடுவது என்று வைராக்கியமாக இருந்தேன். காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். சோற்றைக் குறைத்துக் காயை ஏற்றினேன். கடை மூடியதும் நடந்தேன். அடுத்த டெஸ்டில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "சம்பந்தி, பௌர்ணமிக்கு வர்றேன். சேர்ந்து மலை சுத்தலாம்."

நான் பௌர்ணமிக்கு விரதம் இருப்பவள். கிரிவலம் முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். விட்டால் ஏன் என்று கேட்பார். தவிர, நானாக ஒரு கணக்கும் போட்டேன். நடந்தாலும் சுகர் இறங்கும், பட்டினி கிடந்தாலும் இறங்கும், மாத்திரையும் இறக்கும். மூன்றும் சேர்ந்தால் நல்லதுதானே? காலையில் மகளுக்குத் தெரியாமல் வெறும் வயிற்றில் மாத்திரையை முழுங்கினேன்.

வெயில் தாழ்ந்ததும் அந்த அம்மா வந்து சேர்ந்தார். மகளோடு மூன்று பேரும் செருப்பை விட்டுவிட்டுக் கிளம்பினோம். அக்னி லிங்கம் வரைக்கும் நன்றாகத்தான் நடந்தேன். அடி அண்ணாமலையை நெருங்கும்போது எனக்குள் ஒரு ஆத்திரம் ஏறியது. எதிரே வந்தவன், பலூன் விற்றவன், எல்லார் மேலும் ஆத்திரம். அந்த அம்மா பின்னாலிருந்து, "மெதுவா நடங்க சம்பந்தி, மூச்சு வாங்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் திரும்பி நின்று, "முடியலன்னா ஆட்டோ பிடிச்சுப் போ! உன் பையன் மூஞ்சிக்கு என் பொண்ணு கிடைச்சதே ஜாஸ்தி!" என்று கத்தினேன்.

வேறு யாராவது இப்படிக் கத்தியிருந்தால் உடம்புக்கு என்னவோ என்று நினைத்திருப்பார்கள். நான் எப்போதும் கத்துகிறவள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மகள்கூட, "போதும்மா, ரோட்ல வந்து" என்றுதான் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் கை ஐஸ் மாதிரி சில்லிட்டு, ஈரமாக நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் என் கால் துவண்டு, ஒரு அன்னதானப் பந்தலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மாவுக்கு சுகருங்க! மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டாங்க போல! இனிப்பா எதாவது குடுங்க!" என்று மகள் கத்தினாள். அந்தக் கூட்டமே கேட்டது.

பந்தலிலிருந்து தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதை வாங்கியது அந்த அம்மாதான். தரையில் உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து ஊட்டினார். விரதம், விரதம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். முழுங்குங்க."

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. புடவை நனைந்திருந்தது. வியர்வை மட்டும் இல்லை. அந்த அம்மா அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோ தேடப் போனார்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் இல்லை. டாக்டரம்மாவிடம் மகள் எல்லாவற்றையும் சொன்னாள், காபி உட்பட. டாக்டரம்மா திட்டிவிட்டு, மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள். இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், விரதம் கிடையாது. மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தேவலாம் போல இருந்திருக்கும். ஒரு நாள் மத்தியானம் கடை மூடிவிட்டு நானே போன் போட்டேன்.

"சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமும் தெரியவில்லை, பாசமும் தெரியவில்லை.

"மறைச்சது நான்தாங்க. பொண்ணு சொல்லிடலாம்னுதான் சொன்னா. அவ மேல தப்பு எதுவும் இல்ல."

"அதை விடுங்க. என் பையன் மூஞ்சியப் பத்திச் சொன்னீங்களே, அது சுகர்ல வந்த பேச்சா, மனசுல இருந்ததா?"

சுகர் இறங்கினால் கோபம் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இனி ஒரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை.

"ரெண்டுந்தாங்க. பிள்ளை தங்கமான பிள்ளை. மூஞ்சி கொஞ்சம் கம்மிதான்."

போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அவங்க அப்பா மூஞ்சி. நான் இன்னா பண்றது?" என்றார். சிரித்தாரா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது. "சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. பூ வைக்கற நாளப் பத்தி அப்பறம் பேசுவோம்."

பக்கத்திலேயே நின்றிருந்த மகள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே சாப்பிட்டேன்.