கம்பைலர் பிடிக்காத என் பிழைகள்

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு வருகிற வெட்கம் தனி ரகம். வீட்டில் இருந்து நாங்கள் விடும் பிழை, முன்பின் தெரியாத ஒருவரின் கையில் போய்த்தான் வெளியே தெரியும்.

நான் வேலணையில் இருந்தபடி ஃபங்ஷனல் என்ற ரகப் புரோகிராம் மொழி ஒன்றில் எழுதுகிறேன். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை உண்டு: இது எண், இது எழுத்து, இது ஆம்-இல்லை. வகை பொருந்தாவிட்டால், எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் மறித்துவிடும், புரோகிராம் ஓடவே தொடங்காது. ஆகவே கம்பைலர் விட்டால் எல்லாம் சரி என்று நம்பினேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

இரண்டும் எண்தானே

தீவுக் கிளினிக் ஒன்றுக்கு, பிள்ளைகளுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கணக்குக்குள் முதலில் வயது போகவேண்டும், பிறகு நிறை. நான் மாற்றி அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் 'எண்' என்ற ஒரே வகையைக் கொடுத்திருந்ததால் கம்பைலருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வயதுக்கு ஒரு வகை, நிறைக்கு ஒரு வகை என்று பிரிக்க நாலு வரி போதும். பஞ்சியில், வெறும் சோம்பலில், விட்டிருந்தேன்.

நல்லகாலம், மருந்தைக் கொடுக்கமுன் அங்கிருந்த தாதி கவனித்துவிட்டார். எனக்குப் போன் எடுத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"உம்மட கணக்கில பத்தொன்பது வயசுக் குமர்ப்பிள்ளை, நிறை ஏழு கிலோ. ஆள் இப்ப என்ர மடியில இருந்து பிஸ்கட் சாப்பிடுறா."

நடக்காத நிலை

படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை ஒன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்தது. அதற்கும் நான்தான் எழுதினேன். படகின் நிலைக்கு நாலு வகை வைத்தேன்: புறப்படவில்லை, கடலில், சேர்ந்தது, பாதியில் திரும்பியது. திரையில் என்ன காட்டுவது என்று எழுதும்போது கடைசியை விட்டுவிட்டேன். ஒரு நிலை குறைகிறது என்று கம்பைலர் எச்சரித்தது. அதன் வாயை அடைக்க, அந்த இடத்தில் 'இது நடக்காது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு நாள் நெடுந்தீவுப் படகு பாதிக் கடலில் திரும்பி வந்தது. நயினாதீவுக்குப் போக நானும் அங்கே நின்றேன். கரையில் சொந்தக்காரர் காத்திருக்க, திரை பெரிய எழுத்தில் 'இது நடக்காது' என்றது. இதை ஆர் எழுதியது என்று ஒருவர் கேட்டார். நான் கடலைப் பார்த்தேன். நனைந்துபோய் ஏறி வந்த படகோட்டி திரையை வாசித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடமே சொன்னார்:

"நாப்பது பேர் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து இறங்குறம், தங்கச்சி. இது நடக்காதாம்."

இரண்டு பொத்தான்

உதவித்திட்டம் ஒன்றுக்காகக் குடும்ப விபரம் பதியும் புரோகிராம். ஒரு கேள்வி: கணவர் உயிருடன் இருக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான். சரிபார்க்க அல்லைப்பிட்டிக்கு நானே டேப்லெட்டோடு போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். பெயர், பிறந்த இடம் எல்லாம் தானே பதிந்தார். அந்தக் கேள்வியில் விரல் நின்றுவிட்டது. கணவர் ஒருநாள் காலமை வெளியில் போனவர், திரும்பி வரவில்லை என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், ஏதாவது ஒன்றை அமத்தினால்தான் அடுத்த பக்கம் வரும் என்றேன். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் என் சொல் எனக்கே கேட்டது. அவர் டேப்லெட்டைத் துடைத்து என் கையில் தந்தார்.

"ஓம் எண்டால் எங்க எண்டு கேப்பியள். இல்லை எண்டு என்ர கையால நான் அமத்த மாட்டன், பிள்ளை."

வீட்டுக்கு வந்து 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று மூன்றாவது பொத்தானைச் சேர்த்தவுடன், பதில் இரண்டுதான் என்று நான் எழுதி வைத்திருந்த முப்பத்தொரு இடத்தில் கம்பைலர் பிழை என்றது, அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் அதோடு வாதாடவில்லை.